ஒற்றைத் தலைவலிக்கு எந்த ஊர் மருத்துவர்?



பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்துள்ள கடிதம் இம்மாதம் இப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. எழுதியவர் நாற்பதைத் தாண்டிய ஒரு தாய். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுள்ளார். மணமாவதற்கு முன்பிருந்தே மாதத்திற்கு இரண்டு மூன்று முறை அவருக்குத் தலையின் ஒரு பக்கம் தெறிக்கிறது. குமட்டலும் வாந்தியும் வருகின்றன. வெளிச்சம் பட்டால் கண்ணில் ஊசி குத்துவது போல் இருக்கிறது. ஒரு நாள், சில வேளை இரண்டு நாள், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். கடந்த ஓராண்டாக இந்த வலி வாரத்தில் மூன்று நாள் வருகிறது.

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் மூத்த மகன், "அம்மா, இங்கே இந்தத் தலைவலிக்கென்றே ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார், புறப்பட்டு வா" என்கிறான். கணவரோ, தருமபுரிக்கு வாரம் ஒரு நாள் வந்து பார்க்கும் நரம்பியல் மருத்துவரே போதும் என்கிறார். தந்தையும் மகனும் தொலைபேசியில் வாதாடியதில் ஒரு மாதம் ஓடிவிட்டது. "நான் யார் சொல்வதைக் கேட்பது?" என்று அம்மா கேட்கிறார்.

விடையை முதலில் கூறிவிட்டுக் காரணத்தைப் பின்னர் கூறுவோம். முதலில் தருமபுரிக்குச் செல்லுங்கள், அம்மா. அதுவும் இந்த வாரமே செல்லுங்கள். அங்கு மூன்று மாதம் ஒழுங்காக மருத்துவம் பாருங்கள். பிறகும் குறையவில்லையென்றால் பெங்களூருக்குப் போகலாம். அப்போதும் வெறுங்கையோடு போகலாகாது. உங்கள் மகனின் அன்பைக் குறைத்து மதிப்பிட்டு இதைக் கூறவில்லை. ஒற்றைத் தலைவலி என்னும் நோயின் இயல்பே இப்படிக் கூறவைக்கிறது.

இந்நோயைக் கண்டறிவதற்கு இரத்தச் சோதனை கிடையாது. படம் பிடித்துக் காட்டும் கருவியும் கிடையாது. நோயாளி சொல்லும் வரலாறே சோதனை. உலகத் தலைவலிக் கழகம் 1988இல் வகுத்து, 2018இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்தி வெளியிட்ட இலக்கணம் இதுதான்: குறைந்தது ஐந்து முறையாவது வலி வந்திருக்க வேண்டும், மருந்தின்றி விட்டால் நான்கு மணி முதல் எழுபத்திரண்டு மணி நேரம் வரை அது நீடிக்க வேண்டும், ஒரு பக்கம் வலித்தல், நாடி அடிப்பது போல் தெறித்தல், வேலையைக் கெடுக்கும் அளவு கடுமை, நடந்தாலோ படியேறினாலோ மிகுதல் ஆகிய நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும், அதனோடு குமட்டலோ வாந்தியோ, அல்லது வெளிச்சமும் ஓசையும் ஒருங்கே பொறுக்கமாட்டாமையோ இருக்க வேண்டும், வேறு நோயொன்று இதற்குக் காரணமாக இருத்தல் கூடாது. உங்கள் கடிதத்தின் முதற்பக்கத்திலேயே இவற்றுள் பெரும்பாலானவை இருக்கின்றன. பொறுமையாகக் கேட்கும் மருத்துவர் எவரும், அவர் எந்த ஊரினராயினும், அரைமணி நேரத்தில் இந்த முடிவுக்கு வந்துவிடக்கூடும். ஆயினும் நேரில் சோதித்துப் பார்த்தே முடிவு கூற வேண்டும். அது மருத்துவருடைய பணி, இப்பக்கத்தின் பணியன்று.

நம் வீடுகளில் இதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. பித்தத் தலைவலி என்பார்கள், ஏனெனில் மஞ்சளாக வாந்தி வருகிறது. மண்டையிடி என்பார்கள். சைனஸ் என்று சொல்லி ஆவி பிடிப்பவர்களும் உண்டு. மூக்குக்கண்ணாடியை ஆண்டுதோறும் மாற்றுபவர்களும் உண்டு. இப்பெயர்களுக்குள் உண்மை நோய் பல்லாண்டு மறைந்து கிடக்கிறது. அரிய நோயாக இருந்து மறைந்து கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து, பெங்களூரிலும் அதையடுத்த ஊர்ப்புறங்களிலும் வீடு வீடாகச் சென்று 2,329 பேரை விசாரித்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர். நகரத்தாரை விட ஊர்ப்புறத்தாரிடமும், ஆண்களை விடப் பெண்களிடமும் அது மிகுதியாக இருந்தது. ஞாயிறு திருப்பலிக்கு வந்து நிற்கும் பெண்களை அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். நால்வருக்கு ஒருவர் என்றால் எத்தனை பேர்! இத்தனை பேருக்கும் தனித் தலைவலி நிபுணர் என்பது எந்த நாட்டிலும் ஆகாத காரியம்.

ஆகாது என்பதை வளம் மிக்க நாட்டவர்களே ஒப்புக்கொண்டுள்ளார்கள். தலைவலிக்கென்றே முதல் தனி மருத்துவப் பிரிவு நியூயார்க்கு நகரத்து மாண்டிஃபியோர் மருத்துவமனையில் 1945இல் தொடங்கப்பட்டது. அதன்பின் பல நாடுகளில் அத்தகைய பிரிவுகள் தோன்றின. எனினும் 2011இல் ஐரோப்பியத் தலைவலி அறிஞர்கள் தங்கள் நாடுகளுக்குக் கூறிய யோசனை என்ன தெரியுமா? தலைவலிக்காக மருத்துவம் தேவைப்படுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பக்கத்திலிருக்கும் பொது மருத்துவரே பார்த்துக்கொள்ளலாம். எஞ்சியோரில் பெரும்பகுதியினருக்கு அதில் பயிற்சி மிகுந்த மருத்துவர் போதும். தலைவலி நிபுணரின் பெரிய மருத்துவமனை தேவைப்படுவோர் நூற்றுக்கு ஒருவர். நம் நாட்டில் தலைவலி நிபுணர் எனப்படுவோர் பெரும்பாலும் நரம்பியல் படித்து, இந்நோயில் தனி ஈடுபாடும் நீண்ட அனுபவமும் பெற்றவர்களே. தருமபுரிக்கு வரும் மருத்துவரும் அந்த நரம்பியலைப் படித்தவர்தாம்.

தொலைவில் உள்ளவரே வல்லவர் என்னும் எண்ணம் நம் பகுதியில் ஏன் வேரூன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். அது மூடநம்பிக்கையன்று, ஒரு காலத்து உண்மை. மூளை அறுவைக்கு நாட்டிலேயே முதல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. இராமமூர்த்தி தொடங்கினார். பெங்களூரில் நிம்ஹான்ஸ் 1974இல் உருவாயிற்று. அக்காலத்தில் வலிப்போ, பக்கவாதமோ, தீராத தலைவலியோ கண்டால் நம் மக்கள் கடன் வாங்கிக்கொண்டு வேலூருக்கோ பெங்களூருக்கோ போனார்கள். வேறு வழி இல்லை. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008இல்தான். வழி பிறந்த பின்னும் கால்கள் பழைய பாதையிலேயே நடக்கின்றன.

நோயோடு பயணம் செய்வதன் கொடுமையை அறியாத வட்டாரமன்று இது. தொழுநோய் கண்ட தியாகி சுப்பிரமணிய சிவா, தொடர்வண்டியில் ஏறக் கூடாதென ஆங்கில அரசு தடுத்த பின்னர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று, 1925இல் இதே பகுதியில் உள்ள பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். உங்களுக்குப் பேருந்து இருக்கிறது, தடை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒற்றைத் தலைவலிக்காரருக்குப் பயணமே ஒரு நோய்க்காரணம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பென்னாகரத்திலிருந்து தருமபுரி சுமார் முப்பது கிலோமீட்டர். காலையில் களியோ கஞ்சியோ குடித்துவிட்டுப் புறப்பட்டால் மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். பெங்களூர் அப்படியன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக நெடுந்தொலைவு போக வேண்டும். காலைச் சீட்டுக்காக விடியுமுன் எழ வேண்டும், அல்லது முதல் நாளே போய் மகனின் அறையில் தங்க வேண்டும். தூக்கம் கெடுதல், வேளைக்கு உண்ணாமை, வெயிலின் கண்கூச்சம், டீசல் புகை, நெரிசல் என வலியைக் கிளப்பக் கூடியவை அத்தனையும் அந்த ஒரு நாளிலேயே கூடிவிடுகின்றன. மருத்துவர் முன் உட்காரும் நேரத்தில் நோயாளிக்கு வாய் திறக்கவும் இயலுவதில்லை. கூட வந்த மகன் வரலாறு சொல்கிறான். அவனோ வீட்டை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்கு மாதத்தில் எத்தனை நாள் வலி என்று அவனுக்குத் தெரியாது.

செலவையும் கூட்டிப் பாருங்கள். மருத்துவர் கட்டணம் மட்டும் கணக்கன்று. துணைக்கு வருபவரின் கூலி போகிறது. இருவருக்கும் பேருந்துக் கட்டணம், சாப்பாடு. ஆடு மாடு பார்த்துக்கொள்ள வேறொருவரைக் கெஞ்ச வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இதற்கு உதவாது. அது பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. இவ்வளவையும் ஒரு முறை தாங்கலாம். ஆனால் ஒற்றைத் தலைவலி ஒரே முறை பார்த்து முடியும் நோயன்று. வலி வராமல் தடுக்கும் மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றி, இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்துப் பார்த்தால்தான் அது கேட்கிறதா இல்லையா என்று தெரியும். மயக்கம் வந்தால் அளவைக் குறைக்க வேண்டும். எடை ஏறினால் மருந்தை மாற்ற வேண்டும். ஆறு மாதத்தில் நான்கு முறையாவது அதே மருத்துவரைப் பார்க்க நேரும். நான்கு முறை பெங்களூர் போக முடியாத குடும்பம் முதல் முறை வாங்கிய சீட்டையே மடித்து வைத்துக்கொண்டு, அதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கடையில் வாங்குகிறது. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் கேட்க ஆளில்லாமல் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறது. பிறகு, "பெங்களூர் போயும் கேட்கவில்லை" என்ற பெயர் மட்டும் நிலைக்கிறது.

அந்தப் பெரிய மருத்துவர் எழுதும் மருந்துதான் என்ன? உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஒற்றைத் தலைவலிக்கென்று உள்ளவை சிலவே. வலி வந்தபோது ஆஸ்பிரின், ஐபுப்ரோபென், பாரசிட்டமால். 2021இல் இவற்றோடு சுமாட்ரிப்டான் சேர்க்கப்பட்டது. வராமல் தடுக்கப் புரோப்ரனலால். இது இதய வலிக்காக வந்த மருந்து. அதை உட்கொண்டவருக்குத் தலைவலியும் தணிந்ததை 1966இல் மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். அன்று முதல் இன்று வரை பயன்பட்டு வருகிறது. இதனோடு அமிட்ரிப்டிலின், புளூனரிசின், டோபிராமேட் போன்றவையும் உண்டு. பெங்களூரிலும் முதலில் எடுப்பது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையே. ஆனால் யாருக்கு எது ஆகாது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. இதய நோய் உள்ளவருக்குச் சுமாட்ரிப்டான் ஆகாது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வால்புரோயேட்டை இதற்காகக் கொடுப்பது தகாது. டோபிராமேட்டும் அவருக்கு மிகுந்த எச்சரிக்கைக்குரியது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை என்று வாங்கி விழுங்க வேண்டாம் என்பது இதனால்தான்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய வரிக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், "வலி வரும் நாளெல்லாம் மெடிக்கல் கடையில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்" என்று எழுதியுள்ளீர்கள். அம்மா, மாதம் இரண்டு முறையாக இருந்த வலி வாரம் மூன்று நாளாகப் பெருகியதற்கு அந்தச் 'செட்'டே காரணமாக இருக்கக் கூடும். வலி மாத்திரையே வலியை வளர்க்கும் என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கும். ஆயினும் அது நன்கு அறியப்பட்ட உண்மை. ஏற்கெனவே தலைவலி உள்ளவர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளுக்குக் குறையாமலும், பலவற்றைக் கலந்த மாத்திரை, எர்கோட்டமின், டிரிப்டான் வகை ஆகியவற்றைப் பத்து நாளுக்குக் குறையாமலும், மூன்று மாதத்திற்கு மேல் உட்கொண்டு வந்தால், அம்மருந்துகளாலேயே பாதி மாதத்திற்கு மேல் தலை வலிக்கத் தொடங்கும். வாரம் மூன்று நாள் என்றால் மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகிறது. அந்தப் பொட்டலத்தில் என்னென்ன இருந்தன என்று உங்களுக்கும் தெரியாது. கொடுத்தவரும் எழுதி வைக்கவில்லை. இந்நிலையில் பெங்களூர் மருத்துவர் எவ்வளவு உயர்ந்த மருந்தை எழுதினாலும், செட் மாத்திரை தொடரும் வரை அது சரிவரக் கேட்காமற் போகலாம். அதை நிறுத்தும்போது முதற் சில நாள், சில வேளை இரு வாரம், வலி முன்னைவிட மிகும். அந்த நாட்களில்தான் எட்டும் தூரத்தில் ஒரு மருத்துவர் வேண்டும். ஆகவே, நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாமல், எதை எப்போது நிறுத்துவது என்று அவரையே கேளுங்கள்.

வலியின் போக்கு ஓராண்டில் இப்படி மாறியிருப்பதனால்தான் இந்த வாரமே என்றேன். மாற்றத்துக்குக் காரணம் மாத்திரைதானா, வேறேதுமா என்று மருத்துவர் நேரில் பார்த்துத் தெளிய வேண்டும். வாதாடிக்கொண்டு கழித்த மாதம் வீண்.

தருமபுரி மருத்துவர் தகுந்தவரா என்று எப்படி அறிவது? பெயர்ப்பலகையை முதலில் படியுங்கள். எம்.டி.க்கு மேல் டி.எம். நரம்பியல் என்றோ, அதற்கு இணையான டி.என்.பி. நரம்பியல் என்றோ இருந்தால் அவர் நரம்பியல் மருத்துவர். எம்.சி.எச். என்றிருந்தால் பெரும்பாலும் அவர் நரம்பு அறுவை மருத்துவர். நல்லவர்தாம், ஆனால் உங்கள் தேவைக்கு முதலில் பார்க்க வேண்டியவர் அவரல்லர். பிறகு அவர் செய்வதைக் கவனியுங்கள். உங்களைப் பேச விட்டாரா? மாத்திரைக் கணக்கைக் கேட்டாரா? இரத்த அழுத்தம் பார்த்தாரா? கண்ணுக்குள் விளக்கொளி பாய்ச்சிப் பார்த்தாரா? கை கால் வலுவைச் சோதித்தாரா? மறுபடி எப்போது வர வேண்டும் என்றும், இடையில் தொல்லை என்றால் யாரிடம் போக வேண்டும் என்றும் சொன்னாரா? இவற்றைச் செய்தவர் தருமபுரியில் இருந்தாலும் பெரிய மருத்துவரே. நுழைந்தவுடன் தலையைப் படமெடுத்து வரச் சொல்லி, படத்தை மட்டும் பார்த்து, "ஒன்றுமில்லை, போங்கள்" என்பவர் எந்த நகரத்தில் இருந்தால்தான் என்ன? ஒற்றைத் தலைவலியின் இலக்கணம் பொருந்தி, போக்கு மாறாமல் இருந்து, சோதனையிலும் கோளாறு தெரியாதவருக்குப் படம் தேவையில்லை என்று அமெரிக்கத் தலைவலிக் கழகம் 2013இல் மருத்துவர்களுக்கே அறிவுரை கூறிற்று. உங்களுக்குப் போக்கு மாறியிருப்பதால், மருத்துவர் சோதித்த பின் படம் வேண்டும் என்றால் மறுக்க வேண்டாம்.

வாரம் ஒரு நாள் வருபவரிடம் ஒரு குறை உண்டு. மற்ற ஆறு நாள் அவர் இல்லை. எனவே அவர் எழுதியதைப் பென்னாகரம் அரசு மருத்துவமனை மருத்துவரிடமோ, உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டி வையுங்கள். தனியார் கட்டணம் தாங்கவில்லை என்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். அங்கிருந்து தேவையானால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் துறைக்குச் செல்லலாம். புறநோயாளரைப் பார்க்கும் நாள் எது என்று முன்பே கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

நிபுணரின் அருமையை நான் மறுப்பதாக எவரும் எண்ண வேண்டாம். மும்பையில் தலைவலிக்கென்றே பணியாற்றி வரும் டாக்டர் கே. இரவிசங்கர் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைக்குக் குளித்த பின் ஒற்றைத் தலைவலி வருவதாகக் கூறிய 94 இந்திய நோயாளிகளைப் பற்றியது அது. மேல்நாட்டாரின் காரணப் பட்டியல்களில் இது இடம்பெற்றிருக்கவில்லை. நீண்ட கூந்தலை நனைத்து, ஈரம் உலராமல் முடிந்துகொள்ளும் பெண்களின் வழக்கத்தை அறிந்தவர் கேட்டதனால் அது வெளிப்பட்டது. வெள்ளியும் செவ்வாயும் தலைக்குக் குளிக்கும் நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் இதைச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகியிருப்பார்கள்! நிபுணரின் சிறப்பு கேட்கத் தெரிந்ததில் இருக்கிறது. நம் வீட்டு வழக்கம் தெரிந்த உள்ளூர் மருத்துவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு உண்டு, நேரம் ஒதுக்கினால்.

அவருக்கு நேரம் குறைவு என்றால் நீங்கள் உதவலாம். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வலி வந்த நாளில் சிவப்புக் கோடு. மாத்திரை போட்ட நாளில், எத்தனை போட்டீர்களோ அத்தனை புள்ளி. வாந்தி இருந்தால் 'வா'. மாதவிலக்கு நாளில் ஒரு வட்டம். இவ்வளவு போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை செய்து தரலாம். தூக்கம் கெட்ட இரவு, பட்டினி கிடந்த நாள், கோவிலில் சாம்பிராணிப் புகை பொறுக்காமல் வெளியே வந்த நாள் ஆகியவற்றைப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பசி கிளப்பும் வலி உள்ளவர்கள் விபூதிப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. நோயாளருக்கு அக்கடமை இல்லை. ஐயமிருந்தால் பங்குத் தந்தையைக் கேளுங்கள்.

மூன்று மாதக் கோடுகளோடு மருத்துவரிடம் போகும்போது பேச்சே மாறிவிடும். "அடிக்கடி வலிக்கிறது" என்பதற்குப் பதில், "போன மாதம் பதின்மூன்று, இந்த மாதம் எட்டு" என்பீர்கள்.

பெங்களூர் எப்போது? இரண்டு தடுப்பு மருந்துகளை உரிய அளவில், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று மாதம் உட்கொண்டும் கோடுகள் குறையவில்லையென்றால் போகலாம். இது ஒற்றைத் தலைவலிதானா என்று தருமபுரி மருத்துவருக்கே ஐயம் எழுந்தால் போகலாம். செட் மாத்திரையை வீட்டிலிருந்தபடி விட முடியாமல், மருத்துவமனையில் சேர்த்து நிறுத்த வேண்டிய நிலை வந்தாலும் போகலாம். 2018இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற, மாதம் ஒரு முறை போடும் புதுவகைத் தடுப்பு ஊசிகள் போன்றவையும் நிபுணரின் கைக்கு உரியவை, விலை மிகுந்தவை. அப்போது உள்ளூர் மருத்துவரிடமே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் அதற்கு வருந்தமாட்டார். அங்கே போனதும் நிபுணரிடம், "ஐயா, இதைத் தருமபுரியில் தொடரலாமா? அடுத்த முறை தொலைபேசி வழியே பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். தொலைவிலிருந்து மருத்துவம் கூறுவதற்கான விதிகளை நடுவண் அரசு 2020 மார்ச்சில் வெளியிட்டது முதல், அது சட்டத்துக்கு உட்பட்ட வழியாகவே இருக்கிறது.

இவை எவற்றுக்கும் காத்திராமல் ஓட வேண்டிய தலைவலிகளும் உண்டு. இதுவரை அறியாத கடுமையோடு நொடியில் இடியென வெடிக்கும் வலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய வலி. வலிப்பு, மயக்கம், குழப்பம், கை கால் சோர்வு, வாய்க் கோணல், பார்வை மங்கல் ஆகியவற்றோடு வரும் வலி. தலையில் அடிபட்ட பின் வரும் வலி. கருவுற்றிருக்கும் போதோ பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள்ளோ புதிதாக வரும் கடுமையான வலி. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகத் தொடங்கும் வலி. கடைசியில் கூறியதற்கு அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். மற்றவற்றுக்கு 108ஐ அழைத்து, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். குழந்தை பெற்றவளின் தலைவலியைக் 'குளிர் ஏறிவிட்டது' என்று சொல்லிப் பற்றுப் போட்டு வைத்திருப்பதை மட்டும் நம் குடும்பங்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படும் ஆபத்து அக்காலத்தில் உண்டு.

கணவருக்கும் ஒரு சொல். தருமபுரி போதும் என்று நீங்கள் கூறுவது சரியே. ஆனால் எக்காரணத்தால் கூறுகிறீர்கள்? செலவுக்கு அஞ்சியா, அல்லது வீட்டு வேலைக்குச் சாக்குச் சொல்கிறாள் என்ற ஐயத்தாலா? கடிதத்தில் மாமியாரின் வாய்ச்சொல் ஒன்றும் இருக்கிறது. அதை இங்கு அச்சிட விரும்பவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தலைவலியாளரின் பாதுகாவலராக வணங்கப்படும் அவிலா நகர்ப் புனித தெரேசா, 1577இல் தம் பெரிய நூலொன்றை எழுதத் தொடங்கியபோது, மூன்று மாதமாகத் தலையில் இரைச்சலும் தளர்ச்சியும் வாட்டுவதை முன்னுரையிலேயே கூறியிருக்கிறார். மடங்கள் பலவற்றை நிறுவிய அவரை வேலைக்கு அஞ்சியவர் என்று யார் கூறுவார்? நீங்களே மனைவியோடு தருமபுரிக்குச் செல்லுங்கள். மருத்துவர் பேசும்போது வெளியே நிற்காமல் உள்ளே உட்கார்ந்து கேளுங்கள்.

மகனே, அம்மாவுக்காகச் சேர்த்து வைத்த பணத்தை அப்படியே வைத்திரு. மூன்று மாத மருந்துக்கு அது வேண்டும். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது அப்பாவிடம் வாதாடுவதை விட்டு, அந்த வாரத்தில் எத்தனை கோடு, எத்தனை புள்ளி என்று அம்மாவைக் கேள். பெங்களூர் போகும் நாள் வந்தால், காலண்டர், பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள், எடுத்திருந்தால் படங்கள், உள்ளூர் மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல். முதல் நாள் பகலிலேயே அழைத்துக்கொண்டு, இரவு நன்றாக உறங்க வைத்து, காலையில் பலகாரம் சாப்பிட வைத்த பிறகு கூட்டிப் போ. காலண்டரில் வட்டம் விழும் வாரத்தில் அந்தப் பயணத்தை வைக்காதே.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் தலைவலி பற்றிக் கேட்டு எழுதிய பெற்றோருக்கு அடுத்த இதழில் விடை எழுதுவோம்.